அதே கலர்ல குடுங்க!

கடைவீதியில் ஒரு மேட்சிங் சென்டர் வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். உள்ளே தரையிலிருந்து கூரை வரை ரூபியா துணி அடுக்கியிருக்கும். பச்சை மட்டுமே முப்பது தினுசு தேறும். ஒரு அம்மா பைக்குள்ளிருந்து புடவையை எடுத்து மேஜைமேல் விரிப்பார். கடைப்பையன் ஒரே பார்வை. விறுவிறுவென்று ஏணியில் ஏறி ஒரு கட்டை உருவி வீசுவான். "இதாங்க்கா." அம்மா நம்பமாட்டார். ஒரு கையில் புடவை, மறு கையில் துணி, நேரே வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். "லேசா டல்லடிக்குதே தம்பி. அதே கலர்ல குடு."

இந்த வாரம் அந்த 'அதே கலர்' வியாதியைப் பற்றி.

வியாதி என்று சொன்னதற்குக் கோபிக்காதீர்கள். முதலில் ரவிக்கை. அப்புறம் உள்பாவாடை, புடவைக்கு ஃபால்ஸ். அதுவரை நியாயம்தான். பிறகு வளையல், பொட்டு, ஹேர் கிளிப், கைப்பை, செல்போன் உறை என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் தலையிலிருந்து இறங்கிக் காலுக்கு வந்திருக்கிறது. செருப்பு. ரிசப்ஷன் கவுன் என்ன நிறமோ, அதே நிறத்தில் ஷூ வேண்டும்.

அருள்புரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில் இருக்கிறதே, அந்த அருள்புரம். ஐப்பசியில் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பட்டு, ரிசப்ஷனுக்குத் தரை தொடும் கவுன். மயில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம், 'டீல்' என்கிறார்கள். அந்த நிறத்தில் ஷூ எங்கும் கிடைக்கவில்லை. வெள்ளை சாட்டின் ஷூவாக வாங்கிச் சாயம் போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, பக்கத்துச் சாயப்பட்டறைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அங்கே சிரித்துவிட்டார்களாம். "ஏனுங்க, ஒரு சோடி செருப்பை எப்படிங்க மெஷின்ல போடறது?" 'ஊர் முழுக்கச் சாயப்பட்டறை இருந்தும் என் ஒரு ஜோடி ஷூவுக்குச் சாயம் போட ஆளில்லை. இது நியாயமா?' என்று கேட்கிறார்.

நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைக்கவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயம் போடத்தக்க ஷூ என்பது அமெரிக்கக் கல்யாணங்களின் சரக்கு. அங்கே மணப்பெண்ணுக்குத் தோழிகள் நாலைந்து பேர் ஒரே நிற கவுனில் வரிசையாக நிற்பார்கள். எல்லோருக்கும் வெள்ளை சாட்டின் ஷூ வாங்கி, கவுன் துணியில் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கடையில் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர் அதைப் பார்த்துப் பார்த்துச் சாயம் கலந்து, பிரஷ்ஷால் பூசித் தருவார். ஆமாம், பூசித்தான் தருவார். சாயத்தில் முக்கி எடுக்க முடியாது. ஷூ என்பது வெறும் துணியில்லை. உள்ளே அட்டை, பசை, குதியில் பிளாஸ்டிக், தைத்த நூல், ஒட்டிய லைனிங். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கூழாகிவிடும்.

திருப்பூரில் நடப்பது வேறு. பருத்தித் துணியை நூற்றுக்கணக்கான கிலோவாக மெஷினில் ஏற்றி, பிளீச் செய்து, சாயமும் உப்பும் போட்டு, 60 டிகிரி சூட்டில் ஓட்டி, சோடா உப்பு கொடுத்துச் சாயத்தை நூலோடு பிணைத்து, சோப்புப் போட்டுப் பலமுறை அலசி இறக்குகிறார்கள். இந்த ரியாக்டிவ் சாயம் துணியில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை; நாரோடு வேதியியல் முறையில் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் டி-ஷர்ட் நூறு தடவை துவைத்தும் ஓரளவு மானத்தோடு இருக்கிறது. ஷூவில் பூசிய சாயத்துக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் திட்டுத் திட்டாகும். வியர்த்தால் காலெல்லாம் டீல் கலர்.

இன்னொன்று: இன்றைக்குச் சந்தையில் கிடைக்கும் சாட்டினில் பெரும்பகுதி பாலியஸ்டர். அதற்கு ரியாக்டிவ் சாயம் பிடிக்காது. வேறு சாயம், அழுத்தம் கொடுக்கிற மெஷின், 130 டிகிரி சூடு. பட்டறைக்காரர் சிரித்ததில் குற்றமில்லை.

சரி, எப்படியோ பூசிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது 'அதே கலர்' வருமா? இதற்குப் பதில் சொல்ல அருள்புரத்துக்காரர்களை விட்டால் ஆளில்லை. அவர்கள் பிழைப்பே அதுதான்.

ஒரு சாதாரண டி-ஷர்ட்டை எடுத்துப் பாருங்கள். உடம்புப் பகுதி ஒரு பின்னல்; கழுத்துப் பட்டை ரிப் என்கிற வேறு பின்னல். தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். பொத்தான் பிளாஸ்டிக். நாலும் நாலு ஜாதி. சாயத்தை நாலும் நாலு விதமாகக் குடிக்கும். ஆனால் போட்டுப் பார்க்கிறவருக்கு ஒரே நிறமாகத் தெரியவேண்டும். நூலுக்கும் பொத்தானுக்கும் ஜிப்புக்கும் ஆர்டர் தாளில் 'டி.டி.எம்.' என்று எழுதுவார்கள். துணியின் நிறத்துக்கே சாயமேற்று என்று அர்த்தம். நம் வாசகியின் ஷூவும் ஒரு டி.டி.எம். கேஸ்தான்.

வெளிநாட்டு பையர் ஒரு துண்டுத் துணியையோ, பேன்டோன் எண்ணையோ அனுப்புவார். (பேன்டோன் என்பது நிறங்களுக்கு நம்பர் கொடுத்து விற்கிற அமெரிக்க கம்பெனி, 1963-ல் ஆரம்பித்த அந்த ஏற்பாட்டுக்கே 'மேட்சிங் சிஸ்டம்' என்றுதான் பெயர். பாருங்கள், மேட்சிங் சென்டருக்கு உலக அளவில் ஒரு அண்ணன்!) இங்கே லேபில் சின்னச் சின்னக் குப்பிகளில் சாயம் கலந்து துண்டுத் துணியில் போட்டுப் பார்ப்பார்கள். லேப் டிப். ஏ, பி, சி என்று இரண்டு மூன்று சாயலில் அனுப்பினால் பையர் ஒன்றை ஓகே செய்வார், அல்லது எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவார். 'கொஞ்சம் சிவப்புக் குறை, கொஞ்சம் ஆழம் கூட்டு.' மறுபடியும் குப்பி.

லேபில் ஒரு பெட்டி உண்டு. உள்ளே சாம்பல் நிறம் அடித்து, மேலே நாலைந்து விதமான விளக்கு. ஸ்விட்ச்சைத் தட்டினால் ஒன்று பகல் வெளிச்சம், ஒன்று பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், ஒன்று ஐரோப்பியக் கடைகளின் டியூப்லைட் வெளிச்சம். இரண்டு துண்டுத் துணியை உள்ளே வைத்து விளக்கை மாற்றிக்கொண்டே போவார்கள். பகல் வெளிச்சத்தில் இரட்டைக் குழந்தைகள் மாதிரி இருந்த துண்டுகள், டியூப்லைட்டுக்கு மாற்றியதும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒன்று பச்சைப் பக்கம் சாயும், இன்னொன்று சிவப்புப் பக்கம். மெட்டாமெரிசம் என்று பெயர். காரணம் எளிது. இரண்டும் வேறு வேறு சாயக் கலவை. ஒரு வெளிச்சத்தில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது தற்செயல். வெளிச்சம் மாறினால் அந்தத் தற்செயல் கலைந்துவிடுகிறது.

மேட்சிங் சென்டர் அம்மா ஏன் வாசலுக்கு ஓடினார் என்று இப்போது புரிகிறதா? எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் அவர் செய்தது மெட்டாமெரிசம் பரிசோதனைதான். என்ன, அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அவர் போகப் போவது மாலை ஏழு மணிக் கல்யாண மண்டபத்துக்கு. பார்த்தது பகல் பன்னிரண்டு மணி வெயிலில்!

ரிசப்ஷன் மேடை இன்னும் மோசம். வெள்ளை எல்.ஈ.டி. ஒரு பக்கம், டெக்கரேஷன்காரர் போட்ட ரோஸ் விளக்கு ஒரு பக்கம், வீடியோக்காரர் பிடிக்கிற வெள்ளம் ஒரு பக்கம். கவுன் ஒரு சாயம், ஷூ ஒரு சாயம். துணியின் பளபளப்பும் வேறு. மடிப்பாக விழுகிற கவுன் நிழலில் ஆழ்ந்து தெரியும். இழுத்து ஒட்டிய ஷூ வெளிச்சத்தை அப்படியே திருப்பியடிக்கும். கையில் வைத்துப் பார்த்தபோது ஒரே நிறமாக இருந்ததுகூட மேடையில் வேறாகத்தான் தெரியும். போன் திரையில் படத்தைப் பார்த்து ஆர்டர் செய்தால் கேட்கவே வேண்டாம். 2015-ல் ஒரு கவுனின் போட்டோவை வைத்துக்கொண்டு, வெள்ளையும் தங்கமும் என்று பாதி உலகமும் நீலமும் கறுப்பும் என்று மீதி உலகமும் அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அது நீலமும் கறுப்பும்தான். உங்கள் போன் சொல்லுவதை நம்பிச் சாயம் கலக்காதீர்கள்.

திருப்பூரில் இந்த வித்தியாசத்தை அளக்க மெஷின் வைத்திருக்கிறார்கள். 'டெல்டா ஈ' என்று ஒரு எண் சொல்லும். பெரும்பாலும் அது 1-க்குள் இருந்தால் பாஸ். மேலே போனால் ஷேடு வரலை என்று அர்த்தம். ஷேடு வரவில்லையென்றால்? மறுபடியும் மெஷினில் ஏற்று. மேலே கொஞ்சம் சாயம் கொடுத்துப் பார், அல்லது இருப்பதை உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு, மறுபடி நீராவி.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு வேண்டும். சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிப் பக்கம் தள்ளுவது அதுதான். ஆழ்ந்த நிறமாக இருந்தால் லிட்டருக்கு 80 கிராம் வரைகூடப் போகும். கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால்கூட 640 கிராம். துணி ஒரு கிலோ, உப்பு அரைக் கிலோவுக்கு மேல்! இந்த உப்பில் ஒரு கிராம்கூடத் துணியோடு வீட்டுக்கு வருவதில்லை. அத்தனையும் கழிவு நீரில். போட்ட சாயத்திலும் ஒரு பங்கு துணியைப் பிடிக்காமல் தண்ணீரோடு போகிறது. எந்த நிறமானால் என்ன, அலசிய தண்ணீர் வெளியே போயாகவேண்டும்.

அது எங்கே போனது என்பது ஊரறிந்த கதை. வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேர்கிற நொய்யல். 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே அணை கட்டினார்கள், பாசனத்துக்காக. சில வருஷங்களில் அது சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே கெஞ்சிய அதிசயம் வேறெங்கே நடந்திருக்கும் என்று தெரியவில்லை. கீழே இருந்த தென்னையும் கிணறும் உப்பேறியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கழிவு நீர் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. போய்க்கொண்டுதான் இருந்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்டவை ஒரே உத்தரவில் நின்றன. சாயமில்லாமல் பனியன் இல்லை. வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் மூட்டை கட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் அருள்புரத்துக்குப் பங்கு. அங்கே உள்ள பொது சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு 55 லட்சம் லிட்டர் கழிவைக் கையாளும் அளவுக்குக் கட்டியது. வடிகட்டி நல்ல தண்ணீரைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது திக்கான உப்புத் தண்ணீர். அதைக் காய்ச்சிக் காய்ச்சி வற்றடிப்பதற்கே செலவு கட்டுப்படியாகாமல் இருந்தது. அருள்புரத்தில் அந்த உப்புத் தண்ணீரையே சுத்தம் செய்து, அடுத்த சாயத் தொட்டிக்குத் திருப்பிக் கொடுத்துக் காட்டினார்கள். சாயத்துக்கு எப்படியும் உப்பு வேண்டும்தானே? மற்ற நிலையங்கள் திறப்பதற்கு அது ஒரு முன்மாதிரியானது. இன்றைக்கும் அந்தத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதற்கு மின்சாரமும் விறகும் பணமும் எரிகின்றன. எல்லாம் முடிந்தும் பயன்படாத கலப்பு உப்பு ஒரு பகுதி மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. வைக்க இடமில்லை.

ஒரு ஜோடி ஷூவால் நொய்யல் கெட்டது என்று சொல்ல நான் பைத்தியக்காரனில்லை. ஷூவுக்கு ஒரு சின்னக் குப்பி சாயம் போதும். நான் சொல்வது அந்தக் கண்ணை. முடியளவு வித்தியாசத்துக்கு ஒரு லாட் துணியைத் திருப்பி அனுப்புகிற பையரின் கண்ணும், வாசல் வெயிலில் 'லேசா டல்லடிக்குதே' என்கிற கண்ணும் ஒன்றுதான். சட்டையின் கையும் உடம்பும் ஒரே நிறமாக இருக்கவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது ஒரே பொருள். கவுனும் ஷூவும் இரண்டு பொருள். இரண்டும் ஒன்றென்று நடிக்கவைப்பதற்கு எதற்கு இத்தனை பாடு?

அழகுக்கு என்பீர்கள். அதையும்தான் பார்த்துவிடுவோமே.

காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்கிறவர்கள் உடம்புக்கு ஒரு தார், இரண்டு கரைக்கும் இரண்டு தார் என்று மூன்று நாடா ஓட்டுகிறார்கள். பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். மெனக்கெட்டு இப்படி நெய்வது எதற்கு? உடம்பும் கரையும் ஒரே நிறத்தில் கலந்துவிடக் கூடாது என்பதற்கு! மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை. கிளிப்பச்சைக்கு நாவல் நிறம். செட்டிநாட்டுக் கண்டாங்கியில் மஞ்சளும் அரக்கும் கறுப்பும் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டே சமாதானமாக இருக்கும். நம் ஊர்க் கண் பழகியது எதிர் நிறத்துக்கு. ரவிக்கை கரையின் நிறத்தில் இருக்கும், உடம்பின் நிறத்தில் இருக்காது.

அப்புறம் அந்த மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நடக்க நடக்க நீலமாகிறது, பச்சையாகிறது. மயில்கழுத்துப் புடவைக்கு 'அதே கலர்' ஷூ வாங்குங்கள் பார்க்கலாம். எந்தக் கலர்? எம்.எஸ். நீலம் என்று கேட்டால் ஐந்து கடையில் ஐந்து நீலம் எடுத்துப் போடுவார்கள். ஒருவரும் டெல்டா ஈ பார்ப்பதில்லை, எம்.எஸ். அம்மாவை நினைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

முழு மேட்சிங்கின் இலக்கணத்தைப் பார்க்க வேண்டுமானால் எண்பதுகளின் பாட்டுக் காட்சிகளைப் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சு பேண்ட், ஆரஞ்சு பெல்ட். ஹீரோயினும் ஆரஞ்சு. பின்னால் ஆடுகிற இருபது பேரும் ஆரஞ்சு. அந்தக் காட்சியில் நாகரிகமாக இருக்கிற ஒரே பொருள் ஹீரோவின் வெள்ளை ஷூதான்!

கண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. கொஞ்சமும் சேராத இரண்டு நிறங்களை அது மன்னித்துவிடும், வேண்டுமென்றே செய்தது என்று எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய சேர்கிற இரண்டு நிறங்களை மன்னிக்காது. முயன்று தோற்றது தெரிந்துவிடுகிறது. டீல் கவுனுக்கு மங்கிய தங்க நிற ஷூ போட்டால் யாரும் காலைப் பார்க்கமாட்டார்கள். 'கிட்டத்தட்ட டீல்' ஷூ போட்டால் வந்தவர்கள் மொய் எழுதுகிற வரிசையில் நின்றுகொண்டு அதைத்தான் பேசுவார்கள்.

ஆகவே அருள்புரம் சகோதரிக்கு: பழைய தங்கம், செம்பு, வெள்ளி இந்த மூன்றில் ஒன்று வாங்குங்கள். ரிசப்ஷனுக்கு அடுத்த வருஷமும் பட்டுப்புடவையோடு போட்டுக்கொள்ளலாம். கவுன் நிறத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஏற்கெனவே அந்த நிறத்தில் செய்து விற்கிற ஷூவில் கவுனைவிட ஒரு படி ஆழ்ந்ததாகப் பாருங்கள். வெளிர்ந்தது வேண்டாம், வெளிர்ந்த ஷூ காலைத் தனியே எடுத்துக் காட்டும். ஒரு படி ஆழ்ந்தது கவுனின் நிழல் மாதிரி இருந்துவிடும். கடைக்குப் போகும்போது போட்டோ கொண்டுபோகாதீர்கள். கவுன் தைத்த டெய்லரிடம் தையல் ஓரத்துத் துண்டு ஒன்று கேட்டு வாங்கிப் போங்கள். மண்டபத்தில் சாயங்காலம் விளக்குப் போட்டபிறகு ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

அதையும் தாண்டிச் சாயம் பூசித்தான் ஆகவேண்டுமா? பட்டு சாட்டினா பாலியஸ்டரா என்று விசாரித்து, பட்டாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். மெல்லிசாக ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆழம் கூட்டலாம், குறைக்க முடியாது. சரியாக வராவிட்டால் கடைசி வழி ஒன்று உண்டு, அமெரிக்கப் பெண்களே கல்யாணத்துக்கு அப்புறம் செய்வது: கறுப்பு அடித்துவிடுவது.

முகூர்த்தத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. மணவறைக்குச் செருப்போடு ஏற விடமாட்டார்கள். ரிசப்ஷனிலும் கவுன் தரை தொடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரிலிருந்து இறங்கும்போதும் மேடைப்படி ஏறும்போதும் சேர்த்து நாலைந்து விநாடி ஷூ தெரியும். மாதம் ஐப்பசி. எப்படியும் மழை பெய்யும். காருக்கும் மண்டபத்துக்கும் நடுவே தேங்கியிருக்கும் தண்ணீரில் பூசின சாயம் நிற்காது. குடை பிடிக்க ஒரு தம்பியை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.